ஊர்ச் சங்கங்களும் உயர்ந்தோர் பழியும்

பண்டைய கிரேக்க மொழியுலகின் சமயச் சங்கங்கள் பற்றி இரு கூற்றுக்கள் நெடுங்காலமாக வழங்கிவந்துள்ளன. ஒன்று, அவை சீரழிந்த கூட்டங்கள் என்பது. 1873இல் வெளிவந்த போல் ஃபூக்காரின் நூல், அந்நியரும் பெண்டிரும் அடிமைகளும் கூடிய இழிந்த கூட்டங்களாகவே அவற்றைக் காட்டிற்று. மற்றையது, நகர அரசு நலிவுற்றபின் தனிமைப்பட்ட மனிதன் நாடிய புகலிடங்களே அவை என்பது. இரண்டும் நகரத்து மாடத்தில் நின்று நாட்டுப்புறத்தை நோக்கியோரின் கூற்றுக்களேயாம். கிராமத்துச் சான்றுகள் இவ்விரண்டையும் மறுக்கின்றன.

முதலாவது பழியின் வேர் மிகப் பழையது. அலெக்சாந்திரியாவின் செல்வக் குடியிற் பிறந்த ஃபிலோ, அந்நகரத்துச் சங்கங்களைப் பிணைத்தது மதுவும் குடிவெறியுமே என இகழ்ந்தார். பலியிடுதலைச் சாட்டாக வைத்துக் கூடிய சங்கங்களை உரோம ஆளுநர் ஃபிளாக்கஸ் (கி.பி. 32-38) கலைத்தமையை அவர் நற்செயலாகவே குறித்தார். ஆள்வோரும் செல்வரும் எளியோரின் கூட்டுறவைக் குடிக்கூட்டம் என்று பெயரிட்டபின், அதனைக் கலைப்பது எளிதாகிவிடுகிறது.

ஏறத்தாழ அதே காலத்தில் எகிப்தின் பயூம் பகுதியிலுள்ள தெப்துனிஸ் கிராமத்தில் எழுந்த சங்க விதிகள் கூறுவது வேறு. பப்பிரஸ் ஏட்டிற் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட இவ்விதிகள் பேரரசர் திபேரியஸ் காலத்தன (கி.பி. 14-37), 1944இல் மிச்சிகன் பல்கலைக்கழகப் பதிப்பில் வெளிவந்தன. உறுப்பினர் திங்கள்தோறும் 12 திராக்மா செலுத்தினர்; கூடிக் குடித்தனர். இதனை மறைக்க வேண்டியதில்லை. ஆயின், இடுக்கணுற்ற தோழனைக் கண்டும் உதவாதவனுக்கு 8 திராக்மா தண்டம் விதித்ததும் இதே சங்கந்தான். சக உறுப்பினன்மீது வழக்குத் தொடுத்தவனும் தண்டம் இறுத்தான். கடனுக்காகப் பிடிபட்டவனுக்குச் சங்கம் 100 வெள்ளித் திராக்மா வரை பிணை நின்றது. உறுப்பினன் இறந்தால் ஏனையோர் துக்கங்காத்தல் கடனாயிற்று.

இவ்விதிகளில் ஒலிப்பது தனிமையின் ஏக்கமன்று. கடன்காரனுக்கும் நீதிமன்றுக்கும் சிறைக்கும் அஞ்சிய அச்சமாகும். அயலவனை அறியாதவன் கிராமத்தில் இல்லை. அங்கு வேண்டப்பட்டது துணையன்று, காப்பு. தெய்வத்தின் பெயரால் நிகழ்ந்த விருந்து அக்காப்பிற்குக் கட்டுப்பாட்டை அளித்தது.

நகர அரசின் நலிவே காரணம் என்போர் மற்றொன்றையும் விளக்கவேண்டும். கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே, முதலைத் தெய்வத்தை வழிபட்ட சங்கத்தார் எகிப்திய மக்களின் தெமோத்திக் எழுத்தில் விதி வகுத்திருந்தனர். சந்தா, தண்டம், ஈமக்கடன், சிறைப்பட்டோனுக்கு உதவி ஆகிய யாவும் அவற்றில் உள. கிரேக்க நகர அரசாக ஒருநாளும் இருந்திராத மண்ணில், அதன் வீழ்ச்சி எவ்வாறு காரணமாகும்?

இதனாற் சங்கங்களைச் சமத்துவத்தின் பொற்காலமாகப் புனைவதும் தகாது. பயூமின் பிலதெல்பியாவைச் சேர்ந்ததெனக் கருதப்படும், 1936இற் பதிப்பிக்கப்பட்ட கி.மு. முதலாம் நூற்றாண்டு ஏடொன்று, உன்னத சேயுஸ் தெய்வத்தின் சங்கத்தாருக்கு உரியது. தலைவனுக்கு யாவரும் பணிதல் வேண்டும் என்கிறது அது. பிளவு செய்தலை விலக்குகிறது. விருந்திலே ஒருவன் மற்றவனின் குலவழியை ஆராயலாகாது என்றும் விதிக்கிறது. விலக்கப்பட்டது வழக்கில் இருந்தமையாலேயே விலக்கப்பட்டது. குலம் பேசும் நோய் அவ்வூரிலும் இருந்தது. ஒரு மேசையளவிலேனும் அதற்கு வாய்ப்பூட்டு இடப்பட்டது என்பதே குறிப்பிடத்தக்கது.

ஆகவே இச்சங்கங்களை அவற்றின் மதுக்கிண்ணத்தைக் கொண்டு அளப்பது வரலாறாகாது. கடனாற் பிடிபட்ட உறுப்பினனுக்காக எவர் பிணை நின்றனர் என்ற வினாவே சரியான அளவுகோல். அவ்வினாவை எழுப்பாத ஆய்வு, எத்துணைச் சான்றுகளைத் திரட்டினும், ஆளுநரின் தீர்ப்பையே மீண்டும் எழுதியதாகும்.