வானூர்திக்கு முந்தும் ஓலை

காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்து குவிந்த ஏற்றுமதி, இறக்குமதிப் பொதிகளுக்குச் சுங்கம் கொண்டு, அவற்றின்மேல் சோழரின் புலி இலச்சினையைப் பொறித்த அலுவலரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. பொருள் பார்க்கப்பட்டது, வரி கொள்ளப்பட்டது, பொதி செல்லலாம் என்னும் மூன்று செய்திகளையும் அந்த ஒரு பொறிப்பே உணர்த்தியிருக்கும். பிற்காலத்தில் முதற்குலோத்துங்கன் சுங்கத்தையே நீக்கிச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் பெயர்பெற்றான். அவ்வாறு சுங்கத்தைத் தவிர்ப்பது இன்றைய அரசுகளுக்கு இயலாது. இயல வேண்டுவதும் இல்லை. ஆயின், சுங்கத்தைச் சூழ்ந்து புற்றுப்போல் வளர்ந்துவிட்ட தாள்களைத் தவிர்க்க இயலும். நாடுவிட்டு நாடு பறக்கும் வானூர்திகளின் வரவிலும் செலவிலும் அத்தவிர்ப்பு இன்றியமையாததாகிவிட்டது.

வானூர்திக்குரிய சுங்க நடைமுறை கடலில் பிறந்தது. இந்தியச் சட்டப்படி, வான்வழியே ஏற்றுமதியாகும் பொருளுக்காக அளிக்கப்படும் விண்ணப்பத்தின் பெயர் இன்றளவும் ‘ஷிப்பிங் பில்’ என்பதே. கடற்கரையே இல்லாத கோயம்புத்தூரிலிருந்து பறக்கும் பெட்டிக்கும் கப்பலின் பெயர்தாங்கிய பட்டியல்! பெயர் பழையதாயிருப்பதில் குறையொன்றும் இல்லை. அப்பெயரோடு ஒட்டிவந்த காலக்கணக்குத்தான் இடர் தருகிறது. கப்பல் பல நாள் கடலில் மிதந்து, துறையடைந்து, சரக்கை இறக்கி ஏற்றச் சில நாளேனும் தங்கும். அதற்குள் மாலுமித் தலைவர் தம் தாள்கட்டுடன் சுங்க மனைக்குச் சென்று முத்திரை பெற்றுத் திரும்பலாம். சென்னையிலிருந்து கொழும்புக்கு வானூர்தி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் சென்றுவிடுகிறது. அங்குத் தரையில் அது நிற்பதும் பெரும்பாலும் ஒரு மணி நேரமே. கப்பலின் நாள்களை மனத்திற்கொண்டு வகுத்த நடைமுறையை இந்த ஒரு மணி நேரத்திற்குள் திணிக்கும்போது, ஏதேனும் ஒன்று பிதுங்கியே தீரும்.

வான்வழிப் போக்குவரத்து தவழத் தொடங்கிய 1929ஆம் ஆண்டில் வார்சா நகரில் உருவான உடன்படிக்கை, சரக்கை அனுப்புவோர் வான்சரக்குச் சீட்டை மூன்று மூலப்படிகளாக எழுதித் தரவேண்டும் என்றது. ஒன்று ஏற்றிச்செல்வோருக்கு, ஒன்று பெறுவோருக்கு, மற்றொன்று அனுப்புவோருக்கே. அக்காலத்திற்கு அது தகுந்த ஏற்பாடுதான். எழுதியவர் கையொப்பத்தைத் தவிர வேறு சான்று அன்று கிடையாது. தாளுக்கு மாற்றாக, விவரத்தைப் பதிந்து காக்கும் வேறெந்த முறையும் செல்லும் என்று 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை தெளிவுறுத்தியது. இந்தியா அதில் 2009இல் இணைந்தது. மின்வடிவச் சீட்டே இயல்பான ஒப்பந்த வடிவம் எனப் பன்னாட்டு வான் போக்குவரத்துச் சங்கம் 2019 சனவரி முதல் நாளிலிருந்து நடைமுறைப்படுத்தியது. மூன்று படித் தாளிலிருந்து திரைக்கு வந்துசேர ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள்! இந்தக் காலத்திற்குள் வானூர்தி, ஒலியின் விரைவை எட்டியதும் உண்டு. அதனை விஞ்சியதும் உண்டு.

வானூர்தியைத் தடுத்து நிறுத்துவது தவறு என்பதை உலகம் அறியாமலிருக்கவில்லை. 1944 டிசம்பரில் சிகாகோவில் கையொப்பமான பன்னாட்டுக் குடிசார் வான்பயண உடன்படிக்கையின் 22ஆம் உறுப்பு, வானூர்திகளுக்கும் அவற்றின் பணிக்குழுவினர், பயணியர், சரக்கு ஆகியோருக்கும் ஆகியவற்றுக்கும் வீண் காலத்தாழ்வு நேராதபடி இயன்ற எல்லா நடவடிக்கைகளையும் எடுக்குமாறு நாடுகளைப் பணிக்கிறது. 1949இல் ஏற்கப்பட்ட அதன் ஒன்பதாம் இணைப்பு, எந்தெந்தத் தாள்களைக் கேட்கலாம், அவை எவ்வடிவில் அமையவேண்டும் என்று வரையறுத்தது. பறப்பின் எண், வழித்தடம், பணிக்குழுவினர், பயணியரின் உடல்நலம், பூச்சிமருந்து தெளிக்கப்பட்டமை முதலியவற்றைக் கூறும் பொது அறிவிக்கை அவற்றுள் தலையாயது. காலத்திற்கேற்பத் திருத்தப்பட்டு வரும் அவ்விணைப்பு, இறங்கிய பயணி 45 மணித்துளிக்குள் நடைமுறைகளை முடித்து வெளியேறவும், புறப்படும் பயணிக்கு அவை 60 மணித்துளிக்குள் முடியவும் வேண்டும் எனப் பரிந்துரைக்கிறது. முறையான ஆவணங்களுடன் வந்த, சோதனை தேவைப்படாத பொதுச் சரக்கு மூன்று மணி நேரத்திற்குள் விடுவிக்கப்பட வேண்டும் என்பதும் அதன் பரிந்துரை. பரிந்துரை என்னும் சொல்லில்தான் நாடுகளுக்கு இளைப்பாற நிழல் கிடைக்கிறது.

இந்தியாவில் இதற்கு அடிப்படையாக நிற்பது 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம். வானூர்தி வந்திறங்கும் முன்பே சரக்குப் பட்டியலை மின்வழி அளிக்க வேண்டும் என்கிறது அதன் 30ஆம் பிரிவு. பட்டியலில் இல்லாத பொருளை இறக்கலாகாது என்கிறது 32ஆம் பிரிவு. உரிய அலுவலரின் எழுத்தாணை இன்றி வானூர்தி புறப்படலாகாது என்கிறது 42ஆம் பிரிவு. பட்டியல் எவ்வாறு அமையவேண்டும் என்பதை 1976ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் விரித்துரைத்தன. பொது அறிவிக்கை, பயணியர் பட்டியல், சரக்குப் பட்டியல் ஆகியவற்றுடன், வானூர்தித் தலைவரும் பணிக்குழுவினரும் தம்மிடம் வைத்திருக்கும் உடைமைகளின் பட்டியலும் அவற்றில் இடம்பெற்றது. இவ்விதிகளுள் எதுவும் பொருளற்றதன்று. இவற்றோடு பிற துறைகளின் விதிகளும் ஒரே பெட்டியின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அமரும்போதுதான் சுமை தெரிகிறது.

மதுரை மல்லியை எடுத்துக்கொள்ளலாம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அம்மலர், மொட்டாயிருக்கும்போதே விடியலில் பறிக்கப்படுகிறது. அன்று மாலையே இதழ்விரிக்கத் தொடங்கிவிடும். சிங்கப்பூருக்கோ வளைகுடா நாடுகளுக்கோ செல்லவேண்டிய மொட்டுக்கு உள்ள ஆயுள், ஒரு பகலும் ஓர் இரவும் என்றே கொள்ளலாம். குளிர்பெட்டி அதைச் சிறிது நீட்டித்துத் தரும், அவ்வளவே. அப்பெட்டியோடு விலைப்பட்டியல், பொதிப்பட்டியல், ஷிப்பிங் பில், தாவர நலச் சான்றிதழ், வான்சரக்குச் சீட்டு எனத் தாள்கள் செல்கின்றன. அவற்றை அடுக்கிவைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அனுப்புவோர் யார், பெறுவோர் யார், பொருள் என்ன, எடை எவ்வளவு, பெட்டிகள் எத்தனை என்னும் ஐந்து செய்திகளே மீண்டும் மீண்டும் எழுதப்பட்டிருக்கும். ஐந்து செய்தி ஐந்து இடத்தில் எழுதப்படுவதால் பாதுகாப்பு ஐந்து மடங்காவதில்லை. பிழை நேரும் வாய்ப்புத்தான் பெருகுகிறது. ஓரிடத்தில் 120 என்றும் மற்றோரிடத்தில் 102 என்றும் எடை பதிவாகிவிட்டால், எது சரியெனத் தெளியும்வரை பெட்டி நகராது. கணினிக்குப் பூவின் வாடை தெரியாது.

வான்சரக்கில் மட்டுமே நேரும் சிக்கல் ஒன்றும் உண்டு. வானூர்தியின் எடை வரம்பை மீறும் நிலை ஏற்பட்டால், ஏற்றிய பெட்டிகளுள் சிலவற்றை இறக்கிவிட்டுப் புறப்படுவார்கள். பத்துப் பெட்டி எனப் பட்டியல் கூற, வந்திறங்குபவை ஏழாயிருக்கும். எஞ்சிய மூன்றும் மறுநாள் வேறொரு பறப்பில் வரும். எவர்மீதும் குற்றமில்லை, ஆயினும் பட்டியல் பொய்த்துவிடுகிறது. பல வணிகரின் சிறுபொதிகளை ஒன்றுசேர்த்து அனுப்பும் முகவர்களின் சரக்கில் இச்சிக்கல் இரட்டிக்கும். வானூர்தி நிறுவனம் மொத்தச் சீட்டின் விவரத்தைத் தர, உள்ளடங்கிய சிறுபொதிகளின் விவரத்தை முகவர் தருவார். இரண்டும் ஒத்துவராவிடில் ஒருவர் பிழைக்குப் பலர் காத்திருக்க நேரும். பட்டியலிலுள்ள பிழை வஞ்சக நோக்கமற்றது என அலுவலர் கருதினால், அதைத் திருத்தவோ நிரப்பவோ இசைவளிக்கலாம் என்று 30ஆம் பிரிவே இடம்தருகிறது. பிழையும் மோசடியும் வேறு என்பதைச் சட்டம் நன்கறியும். அதே பிரிவு, உரிய காலத்தில் பட்டியல் தராமைக்கு ஐம்பதாயிரம் ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் இடமளிக்கிறது. தண்டத்திற்கு அஞ்சும் எழுத்தர், அறிந்த உண்மையை எழுதுவதைவிட, முன்னர் ஏற்கப்பட்ட சொற்களையே பார்த்தெழுதப் பழகிவிடுவார். கெடுபிடி மிகும் இடத்தில் தாள் மட்டும் செம்மையாக இருக்கும்.

சுங்க அலுவலரின் ஐயத்தை எள்ளி ஒதுக்கிவிடவும் கூடாது. வானூர்தி நிலையங்களில் பொன் கடத்தல் பிடிபடும் செய்தி நாளேடுகளில் ஓயாமல் வருகிறது. போதைப்பொருளும் அரிய விலங்குகளும் பயணப்பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவரப்படுகின்றன. நடைமுறையைத் தளர்த்தினால் கள்வருக்கல்லவா வாயில் திறக்கும் என்னும் வினா நேர்மையானது. அதற்கு விடையாக 2010 அக்டோபரில் நடந்ததைக் கூறலாம். ஏமனிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட இரு பொதிகளில், அச்சுப்பொறியின் மைக்கூடுகளுக்குள் வெடிமருந்து மறைக்கப்பட்டிருந்தது. ஒன்று துபாயிலும் மற்றொன்று இங்கிலாந்தின் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் நிலையத்திலும் கைப்பற்றப்பட்டன. அவற்றைக் காட்டிக்கொடுத்தது, உடன்வந்த தாள் அன்று. முன்கூட்டிக் கிடைத்த துப்பு. அதன்பின் பெரிய நாடுகள் தம் முறையை மாற்றின. சரக்கின் விவரத்தை அது வானூர்தியில் ஏறுவதற்கு முன்பே தரவேண்டும் என அமெரிக்கா 2018இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2021இலும் கட்டாயமாக்கத் தொடங்கின. இறங்கிய பின் தாளைப் புரட்டுவதைவிட, ஏறும் முன் விவரத்தை ஆராய்வதே காவலுக்கும் ஏற்றது, வணிகத்திற்கும் ஏற்றது. இந்த ஒன்றில் காவலரும் வணிகரும் வேண்டுவது ஒரே பொருளைத்தான்.

இந்தியாவும் வாளாவிருக்கவில்லை. எல்லாப் பெட்டியையும் திறந்து பார்ப்பதற்கு மாறாக, ஐயத்துக்குரியதைக் கணினி வழித் தேர்ந்து சோதிக்கும் இடர் மேலாண்மை முறை 2005இல் வந்தது. தாயகம் திரும்பும் இந்தியர் வருகைச் சீட்டு எழுதுவது 2014 மார்ச்சில் நின்றது. வரிக்குரிய பொருளோ தடைசெய்யப்பட்ட பொருளோ இல்லாதவர் சுங்க அறிவிக்கைப் படிவம் நிரப்புவது 2016 ஏப்பிரலில் நின்றது. வான்வழி புறப்படுவோர் எழுதிய குடிபெயர்வுச் சீட்டு 2017 சூலையில் நின்றது. இவற்றால் வானம் இடிந்து விழவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். உணவுப் பாதுகாப்பு, தாவர நோய்த்தடுப்பு, விலங்கு நோய்த்தடுப்பு, மருந்துக் கட்டுப்பாடு முதலிய துறைகளுக்கு இறக்குமதியாளர் ஒரே அறிவிக்கை அளித்தால் போதும் என்னும் ஒற்றைச் சாளர முறையும் 2016 ஏப்பிரலில் தொடங்கியது. சிங்கப்பூர் அத்தகைய மின்முறையை 1989இலேயே நிறுவிவிட்டது என்பதையும் நினைவில் வைக்கலாம். மதிப்பீட்டாளரும் வணிகரும் ஒருவரையொருவர் காணாமலே வரி மதிப்பிடும் முறை, 2020 சூனில் முதற்கட்டமாகப் பெங்களூரிலும் சென்னையிலும் நடைமுறைக்கு வந்தது.

ஆயினும் தாள் குறைந்த அளவுக்குக் கேள்விகள் குறைந்தனவா என்று வினவினால், விடை தயக்கத்தோடுதான் வரும். பல வேளைகளில் தாளிலிருந்த அதே படிவம் திரைக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. மின்வழி அனுப்பியதை அச்சிட்டுக் கையொப்பமிட்டு மீண்டும் கேட்கும் வழக்கம் எங்கேனும் ஒரு மேசையில் எஞ்சியிருந்தால், அங்கே சுமை இரட்டித்திருக்கிறது என்றே பொருள். மற்றொரு புறம், பயணியரைப் பற்றிய செய்தி முன்னெப்போதையும்விடப் பெருகிவிட்டது. 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, பயணச்சீட்டுப் பதிவு விவரங்களை வானூர்தி நிறுவனம் புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்திற்கு முன்பே சுங்கத்துறைக்கு அளிக்க வேண்டும். அவற்றை ஐந்தாண்டுகள் வரை வைத்திருக்கலாம். தன் கையால் ஒரு சீட்டும் எழுதாமல் வெளியேறும் பயணி, தன்னிடம் எதுவும் கேட்கப்படவில்லை என்று எண்ணிக்கொள்கிறார். எழுதிய சீட்டில் தாம் என்ன சொன்னோம் என்றாவது அவருக்கு அன்று தெரிந்திருந்தது. கள்வரைப் பிடிக்க விவரம் வேண்டும் என்பதில் மாறுபாடில்லை. கேட்கும் விவரம் எதற்காக, யார் பார்ப்பார், என்று அழிப்பார் என்பவை எளிய தமிழில் பயணியின் கண்ணில்படும் இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதிலும் மாறுபாடு இருத்தல் ஆகாது.

எனவே, எளிமையாக்கம் என்பதைப் படிவங்களின் எண்ணிக்கையைக்கொண்டு அளப்பது போதாது. ஒரு செய்தியை அரசு எத்தனை முறை கேட்கிறது என்பதே சரியான அளவுகோல். மல்லிகைப் பெட்டியின் எடையை ஒரு துறைக்குச் சொன்னால், அது அரசு முழுமைக்கும் சொன்னதாகக் கொள்ளப்பட வேண்டும். வானூர்தி தரைதொடும்வரை பட்டியலில் செய்யப்படும் திருத்தங்கள் குற்றமாகக் கருதப்படாமல், கட்டணமும் விளக்கமும் இன்றி ஏற்கப்பட வேண்டும். ஏற்றாமல் விடப்பட்ட மூன்று பெட்டிகளின் செய்தியை, புறப்பட்ட நிலையமே அடுத்த நிலையத்துக்கு அறிவித்துவிடலாம். 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் வணிக எளிமையாக்க உடன்படிக்கை, பொருள் வந்துசேருமுன்பே ஆவணங்களைப் பெற்று ஆராயும் முறையை வேண்டுகிறது. இந்தியா அதனை 2016இலேயே ஏற்றுள்ளது. ஆகவே இவை புதிய கனவுகள் அல்ல, ஒப்புக்கொண்ட கடமைகள்.

இவற்றுள் பெருஞ்செலவு கேட்பது எதுவுமில்லை. துறைகள் ஒன்றன் பதிவை மற்றொன்று நம்பவேண்டும், அதுதான் கடினம். குறிப்பிட்ட வான்சரக்கு நிலையங்களில் சுங்கப்பணி இப்போது நாளின் 24 மணி நேரமும் நடைபெறுகிறது. நள்ளிரவில் புறப்படும் வானூர்திக்காகச் சுங்க அலுவலர் விழித்திருந்தும், சான்றிதழ் தரவேண்டிய வேறொரு துறையின் கதவு மாலை ஆறு மணிக்கே அடைபட்டுவிடுமானால், விடியலில் பறித்த மொட்டு சரக்கு முனையத்திலேயே மலர்ந்துவிடும்.