எஸ்.பி.எல். ஆகாத பொண்ணு

நம்ம எல்லார் ஸ்கூல்லயும் ஒரு எஸ்.பி.எல். இருந்திருப்பான். ப்ரேயர்ல முன்னாடி நின்னு "ஸ்கூல்... அட்டென்ஷன்!"னு கத்துவான். நல்லா படிப்பான், கொஞ்சம் உயரமா இருப்பான், முக்கியமா ஹெச்.எம். சொன்னதுக்கு மறுபேச்சு பேசமாட்டான். (நான் ஆனதே இல்லை. வயித்தெரிச்சல்னு நினைச்சா நினைச்சுக்கோங்க :-))

அவனைத் திட்ட இந்தப் பதிவு இல்லீங்க. கிராமத்து மேல்நிலைப் பள்ளியில 'தலைமைப் பண்பு', 'சமூக சேவை'ன்னு நாம சொல்லித் தர்ற லட்சணத்தைப் பத்தித்தான்.

நாட்டு நலப்பணித் திட்டம், அதாங்க என்.எஸ்.எஸ்., காந்தி நூற்றாண்டான 1969ல ஆரம்பிச்சது. வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை, ஒரு கிராமத்துல தங்கி ஏழு நாள் முகாம். நல்ல யோசனை. ஆனா எங்க பக்கம் நடக்கறது என்ன? கோயிலைப் பெருக்கறது, பார்த்தீனியம் புடுங்கறது, மரக்கன்று நடறது. போன வருஷம் நட்டு ஆடு தின்ன அதே குழியில இந்த வருஷக் கன்னு! பேனர் பிடிச்சு ஒரு போட்டோ. அம்புட்டுத்தான்.

2023 காலாண்டு லீவுல எங்க ஸ்கூல் முகாமோட நிறைவு விழாவுக்குப் பழைய மாணவன்ங்கற முறையில என்னையும் கூப்பிட்டிருந்தாங்க. வீடு வீடாப் போய் பிள்ளைங்க கணக்கெடுத்திருந்தாங்க. எத்தனை வீடு, எத்தனை கழிப்பறை, எத்தனை ஆடு மாடுன்னு ஒவ்வொருத்தரா வாசிச்சாங்க. ப்ளஸ் ஒன் பொண்ணு ஒருத்தி மட்டும் வேற ஒண்ணு வாசிச்சா.

"இந்த ஊர்ல நாலு அக்காங்க பத்தாவதோட நின்னுட்டாங்க. ஏன்னு கேட்டேன். ஸ்பெஷல் கிளாஸ் முடியறது அஞ்சரை. டவுன் பஸ் அஞ்சு பத்துக்கே போயிடுது. அடுத்தது ஏழே முக்கால். பஸ்ஸை விட்டு இறங்கி கருவேலங்காட்டு வழியா ரெண்டு கிலோமீட்டர் இருட்டுல நடக்கணும். அதான் வீட்ல நிறுத்திட்டாங்க."

மேடையில ஊராட்சித் தலைவர், ஹெச்.எம்., நான். ஒருத்தரும் வாயைத் திறக்கலை. வறுமை, கல்யாணம்னு பெரிய பெரிய காரணமா நாங்க பேசிட்டிருந்தோம். இங்க காரணம் இருபது நிமிஷம்!

அதுக்கப்புறம் நடந்ததுதான் விசேஷம். பிள்ளைங்களுக்குக் கிராம சபையில ஓட்டு கிடையாது, வயசு பதினெட்டு ஆகலை. அதனால அவங்க எழுதிக் கொடுத்த மனுவை அவங்க அம்மாக்கள் அடுத்து வந்த கிராம சபையில வச்சாங்க. தீர்மானம் போட்டு பஸ் டெப்போவுக்கு அனுப்பினாங்க. பஸ் நேரம் இன்னும் மாறலை. ஆனா ஸ்பெஷல் கிளாஸைக் காலையில மாத்தினாங்க. அதுக்குப் பணமும் வேணாம், அரசாணையும் வேணாம். அடுத்த ஜூன்ல நாலு பேர்ல ரெண்டு பேர் ப்ளஸ் ஒன் சேர்ந்தாங்க.

சரி, 2024ல அந்தப் பொண்ணு ப்ளஸ் டூ. எஸ்.பி.எல். ஆக்கியிருப்பாங்கன்னு நினைச்சீங்களா? இல்லை. கேட்டதுக்கு வாத்தியார் ஒருத்தர் சொன்னார்: "நல்ல பொண்ணுதான் சார், கொஞ்சம் வாய் ஜாஸ்தி."

எனக்கு வந்ததே கோவம்! அந்த 'வாய்' தாங்க தலைமைப் பண்பு. அதைத் தட்டி உட்கார வச்சிட்டு, கீழ்ப்படியறவனுக்கு பேட்ஜ் குத்தி விட்டா, நாளைக்கு ஊராட்சியில கேள்வி கேக்க யார் வருவா?

நான் கேக்கறது மூணே மூணுதான். எஸ்.பி.எல்.லைப் பிள்ளைங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். முகாமோட முதல் நாள் துடைப்பத்தோட வேணாம், நோட்டோட தொடங்கட்டும். கல்வி உரிமைச் சட்டத்தோட மத்திய அரசு மாதிரி விதிகள், பள்ளி மேலாண்மைக் குழுவுல மாணவர்களையும் சேர்க்க இடம் தருது. நம்ம ஊர்ல ஒரு நாற்காலியாவது அவங்களுக்குப் போடுங்க. அவங்க கேக்கற கேள்விக்கு அந்தக் கூட்டத்துலயே பதில் சொல்லுங்க.

பெரியவங்களுக்கு இதுல கொஞ்சம் சங்கடம் இருக்கும். அன்னைக்கு மேடையில எனக்கும் இருந்துச்சு. அந்த ஊர் வழியா எத்தனையோ தடவை போயிருக்கேன், ஒரு தடவை கூடக் கேட்டதில்லையே!

பி.கு: உங்க ஊர் ஸ்கூல்ல எஸ்.பி.எல்.லை எப்படித் தேர்ந்தெடுக்கறாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. முன்னாள் எஸ்.பி.எல்.கள் வந்து கும்மினாலும் சந்தோஷம்தான் :-)