கடைசியில் யார் செத்தது?

முகமூடி போட்டவனை அடித்து நொறுக்குகிற ஒரு காமிக்ஸைத் தூக்கி வைத்துக்கொண்டு, இதுதான் கலகப் பிரதி என்று சிலாகிக்கிற தோழர்கள் பெருகிவிட்டார்கள். கார்த் என்னிஸ் எழுத, டாரிக் ராபர்ட்சனோடு சேர்ந்து உருவாக்கிய 'தி பாய்ஸ்'. 2006-ல் தொடங்கி 2012-ல் முடிந்தது. 72 இதழ், 12 தொகுதி. டி.சி. நிறுவனத்தின் வைல்ட்ஸ்டார்ம் 6 இதழோடு கைகழுவிவிட, டைனமைட் எடுத்துப் போட்டது. 2019-ல் தொலைக்காட்சித் தொடராக வந்த பிறகு பேச்சு இன்னும் கூடிப்போச்சு. தொலைக்காட்சிக் கதை வேறு வழியில் போகிறது, அதை விடுங்கள். நான் பேச வந்தது புத்தகத்தைப் பற்றி. அதிலும் 66 முதல் 72 வரையிலான இதழ்கள் அடங்கிய கடைசித் தொகுதியைப் பற்றி. சிலாகிக்கிறவர்கள் அதை ஒழுங்காகப் படித்திருந்தால் ஒரு கேள்வியாவது எழுந்திருக்கும்: கடைசியில் யார் செத்தது?

கதை இதுதான். வாட்-அமெரிக்கன் என்று ஓர் ஆயுத வியாபார நிறுவனம். 'காம்பவுண்ட் வி' என்கிற மருந்தை வைத்து அதிமனிதர்களை உற்பத்தி செய்கிறது. அவர்கள் குடித்துக் கூத்தடிப்பார்கள், பெண்களைச் சிதைப்பார்கள், கொலை செய்வார்கள். விளம்பரத்தில் மட்டும் தேசத்தின் காவலர்கள். இவர்களைக் கண்காணித்து அடக்க சி.ஐ.ஏ. ஆதரவில் இயங்குகிற ஐந்து பேர் குழுதான் 'பாய்ஸ்'. தலைவன் லண்டன்காரன் பில்லி புட்சர். மனைவியை அதிமனிதன் ஒருவனால் பறிகொடுத்தவன். கையில் கடப்பாரை. மேலே உட்கார்ந்திருக்கிறவன் மண்டையில் அது இறங்கும்போது நமக்கும் உள்ளுக்குள் குளிரத்தான் செய்யும். இல்லைன்னு சொல்லவில்லை.

11-ஆம் தொகுதியிலேயே பெரிய எதிரி ஹோம்லேண்டர் ஒழிந்துவிடுகிறான். அதோடு கதை முடியணும்ல? முடியவில்லை. 12-ஆம் தொகுதியில் புட்சரின் உண்மையான திட்டம் வெளியே வருகிறது. ரத்தத்தில் காம்பவுண்ட் வி உள்ள அத்தனை பேரையும் ஒரே அடியில் கொன்றுவிட வேண்டும். அந்த மருந்தோ எங்கெங்கோ கசிந்து, துளித்துளியாக ஏறி, லட்சக்கணக்கான சாதாரண சனங்களின் ரத்தத்தில் கலந்திருக்கிறது. அவர்கள் யாரையும் அடித்ததில்லை, பறந்ததில்லை. அவர்களும் சாகணும்.

ரத்தத்தில் ஒரு துளி இருந்தாலே போதும் என்கிற கணக்கு அமெரிக்காவுக்குப் புதுசில்லை. 1924-ல் வர்ஜீனியா மாநிலம் சட்டமே போட்டது: வெள்ளையல்லாத ரத்தம் கொஞ்சம் கலந்திருந்தாலும் அவர் வெள்ளையர் இல்லை, வெள்ளையரைக் கல்யாணம் பண்ணக்கூடாது. அந்தத் தடையை உச்சநீதிமன்றம் செல்லாதென்று சொல்ல 1967 வரை ஆனது. தீட்டு என்கிற சொல்லோடு பிறந்து வளர்ந்த நமக்கு இந்தப் புத்தியை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆதிக்கத்தை அழிக்கக் கிளம்பினவன் கடைசியில் ஆதிக்கத்தின் அளவுகோலையே எடுத்துக்கொண்டு நிற்கிறான்.

முதலில் அவன் யாரைக் கொல்கிறான் பாருங்கள். தன்னைத் தடுத்துவிடக்கூடியவர்களை, கூடவே இருந்து ஒன்றாகச் சாப்பிட்டவர்களை. மதர்ஸ் மில்க், குழுவிலிருக்கும் கறுப்பின மனிதன். அந்த நிறுவனத்தின் நஞ்சு தாயின் உடல்வழியாக அவனுக்குள் வந்தது. நியாயம் கேட்டு அவன் தகப்பன் கோர்ட்டுக்கு அலைந்தார். அடுத்தவள் ஜப்பானியப் பெண். குழந்தையாக இருக்கையில் காம்பவுண்ட் வி கழிவில் விழுந்தவள், பிறகு கூண்டில் வைத்து ஆயுதமாக வளர்க்கப்பட்டவள். அவளுக்குப் பெயர்கூட இல்லை, 'பெண்' என்றே குறிப்பிடுகிறார்கள். மதர்ஸ் மில்க்கைப் புட்சர் தானே கொல்கிறான். அந்தப் பெண்ணையும் அவளை நேசித்த ஃபிரெஞ்சியையும் குண்டு வைத்துத் தீர்க்கிறான்.

"புட்சரை ஆசிரியர் நியாயப்படுத்தவில்லையே, கடைசியில் ஹ்யூகி அவனைத் தடுக்கிறானே" என்று சமாதானம் வரும். வாஸ்தவம்தான். புட்சரின் திட்டம் அக்கிரமம் என்று என்னிஸுக்கு நன்றாகவே தெரியும். என் சண்டை அங்கே இல்லை. வேண்டாம் என்று சொல்கிற உரிமையை அவர் யாரிடம் கொடுத்தார்? எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் இரண்டு வெள்ளைக்காரர்கள் மோதுகிறார்கள். விழுந்து முடங்கிய புட்சர், ஹ்யூகியைத் தூண்டிவிட்டு அவன் கையாலேயே சாகிறான். அந்தச் சாவுக்குப் பேச்சு உண்டு, நட்பு உண்டு, துக்கம் உண்டு. ஹ்யூகிக்குக் காதலியும் திரும்பக் கிடைக்கிறாள். நஞ்சைச் சுமந்து வாழ்ந்தவர்களோ உச்சக்கட்டத்துக்கு முன்னாலேயே அப்புறப்படுத்தப்பட்டாச்சு. அவர்கள் சாவு, ஹ்யூகிக்குக் கோபம் வருவதற்கான காரணமாகச் சுருங்கிவிடுகிறது. நிறுவனம் என்னாச்சு? பெயரை மாற்றிக்கொண்டு புது அதிமனிதர்களோடு கடையைத் திறக்கிறது. கடப்பாரை உடைத்த மண்டைகளுக்குக் கணக்கில்லை. கம்பெனிக்கு ஒரு கீறலும் இல்லை.

சட்டத்தைக் கையில் எடுத்துத் தண்டிக்கிறவன் அமெரிக்காவில் காமிக்ஸிலிருந்து பிறக்கவில்லை. 1851-லேயே சான் ஃபிரான்சிஸ்கோவில் கண்காணிப்புக் கமிட்டி போட்டு ஆட்களைத் தூக்கிலிட்டார்கள். 1905-ல் தாமஸ் டிக்சன் எழுதிய நாவல், 1915-ல் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' என்று படமானது. அதில் முகமூடி போட்ட கு க்ளக்ஸ் கிளான்தான் கதாநாயகன். அதே ஆண்டு கிளான் மறுபடி உயிர்பெற்றது. சூப்பர்மேன் வந்தது 1938-ல், பேட்மேன் 1939-ல். முகமூடி நீதிமான்கள் ஆயிரக்கணக்கான கறுப்பின மக்களை மரத்தில் தொங்கவிட்ட தேசம் அது.

அந்த மரத்தடியிலிருந்து எழுந்த எதிர்ப்புக்கும் வரலாறு உண்டு. 1892-ல் மெம்ஃபிஸ் நகரில் மளிகைக்கடை நடத்திய மூன்று கறுப்பினத்தவரை வெள்ளைக் கும்பல் கொன்றது. ஐடா பி. வெல்ஸ் தன் பத்திரிகையில் எழுதினார். பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். அவர் நிறுத்தவில்லை. வெள்ளையரின் பத்திரிகைக் கணக்குகளையே எடுத்து, கொலைக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் பொய் என்று 1895-ல் புத்தகமாகப் போட்டார். கொல்லப்பட்டவர்களின் பெயரை அச்சில் ஏற்றினார். அகிம்சை பேசிய அம்மா என்று நினைத்துவிடாதீர்கள். அவரிடம் கைத்துப்பாக்கி இருந்தது, ஒவ்வொரு கறுப்பின வீட்டிலும் துப்பாக்கி இருக்கணும் என்று எழுதியவர். ஆனால் தன் சனத்துக்குப் பதிலாகத் தீர்ப்பெழுதும் தனியாளாக அவர் தன்னை நிறுத்திக்கொள்ளவில்லை. மெம்ஃபிஸை விட்டு வெளியேறுங்கள் என்றார், சனம் கூட்டம் கூட்டமாக வெளியேறியது. 1955-ல் மேமி டில் தன் பதினாலு வயது மகனின் சிதைந்த முகத்தை மூடாமல் ஊருக்குக் காட்டினாள். அந்தப் பிள்ளையின் பெயரில் கும்பல்கொலைத் தடைச்சட்டம் வர 2022 ஆகிவிட்டது. 67 வருசம். மெதுவான வேலைதான். கோர்ட்டுக்கு அலைந்த மதர்ஸ் மில்க்கின் தகப்பனும் இந்த வரிசையில்தான் நிற்கிறார். புத்தகம் அவரைப் பழைய கதையாக்கி ஓரங்கட்டிவிட்டு, 72 இதழையும் கடப்பாரைக்குக் கொடுத்தது.

நமக்குக் கோபம் வேண்டாமென்று எவனும் உபதேசிக்க வேண்டியதில்லை. நம்ம கோபத்தை இன்னொருத்தன் குத்தகைக்கு எடுக்க விடுவதுதான் ஆபத்து. அவன் தன் வீட்டு இழவுக்காக அடிப்பான். அடிக்கிற வரை நாம் கூட்டாளி. வேண்டாம்னு சொன்ன அன்றைக்கு நாமதான் முதல் பிணம். புட்சர் இதை ஒளிவுமறைவில்லாமல் செய்து காட்டுகிறான்.

ஆகவே அடுத்த கூட்டத்தில் இந்தப் புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்கிற தோழர், மதர்ஸ் மில்க் யார் கையால், எதற்காகச் செத்தான் என்று முதலில் சொல்லட்டும். கலகத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.