பருமனை நம்பி வித்துத் தெரியற்க

கமக்காரர்களே,

தக்காளியின் பருமனை மட்டும் நோக்கி வித்துத் தெரியும் வழக்கம் பிழையென்பதே எமது துணிபு.

பல நாள் காய்ந்த தோட்டத்தில் திடீரென மாரி மழை பொழிந்தாலோ, அளவு மிஞ்சி இறைத்தாலோ, சதை விரைந்து பருக்கும். அதற்கீடாக விரியமாட்டாத தோல் காம்படியில் வெடிக்கும். வெடிப்பினூடே பங்கசு புகுந்து பழம் அழுகும். மாதக்கணக்கான உழைப்புச் சந்தையில் விலையற்றுப் போகும்.

பருத்த, மென்தோற் பழ இனங்களே பெரிதும் வெடிப்பன. ரோமா போன்ற தடித்த தோலினங்கள் பருமனிற் சிறியவாயினும் மழையையும் பெட்டிப் பயணத்தையும் தாங்குவன.

சொந்த வித்தெடுப்போர், மழைக்குப் பின்னும் பழம் வெடியாத செடிகளையே தெரிதல் வேண்டும். கலப்பின இனங்களுக்கு இம்முறை பொருந்தாது.

எவ்வினமும் வெடிப்பை முற்றாகத் தடுக்காது. ஆதலின் வைக்கோல் மூடாக்கிட்டு, மண்ணின் ஈரம் ஒரு சீராக நிற்கும்படி அளவாக இறைத்து வருக.