ஆர்.சி. புத்தகம் சொல்லாத வயது

பழைய பிக்கப் வண்டி வாங்கக் கடன் கேட்டு வருவோரிடம் நாம் முதலில் கேட்பது, "எந்த ஆண்டு வண்டி?" என்பதே. ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்கிறோம், மதிப்பீட்டாளரின் அறிக்கையைப் பார்க்கிறோம், கடன் முடியும் நாளில் வண்டிக்கு எத்தனை வயதாகும் எனக் கூட்டிப் பார்க்கிறோம். ஓடிச் சம்பாதித்துத் தவணை கட்டப்போகும் எஞ்சினைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. இது வங்கியாளர்களாகிய நமது குறையே.

நாசிக் வட்டாரத்தில் நாம் பணியாற்றியபோது, மும்பைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் இரு பிக்கப் வண்டிகளுக்குக் கடன் விண்ணப்பங்கள் வந்தன. ஒன்றுக்கு வயது ஆறு, மற்றதற்குப் பன்னிரண்டு. முன்னதற்குத் தயக்கமின்றிக் கடன் வழங்கினோம். ஐந்தாம் மாதம் ரிட்டன் லோடுடன் கசாரா மலைப்பாதை ஏறுகையில் எஞ்சின் கொதித்து, ஹெட் கேஸ்கெட் போய், பிஸ்டனும் பிடித்துக்கொண்டது. ரேடியேட்டர் நெடுநாளாக அடைத்திருந்ததாம். வண்டி மெக்கானிக் கொட்டகையில் நிற்க, மூன்று தவணைகள் தவறின. பன்னிரண்டு வயது வண்டியை விற்க முன்வந்தவரோ, ஆயில் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். நாம் அந்த நோட்டைத் திறந்தும் பார்க்கவில்லை. வாங்கியவர் தனியாரிடம் கூடுதல் வட்டிக்குக் கடன் பெற்றார். நாம் மாறுதலாகி வரும்வரை அவ்வண்டி அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

அக்காலத்து டீசல் எஞ்சின்கள் எளியவை. 2005-இல் வந்த டாடா ஏஸ் வண்டியில் இருந்தது 702 சிசி கொள்ளளவும் 16 குதிரைத்திறனும் கொண்ட இரண்டு சிலிண்டர் எஞ்சின்தான். பம்பும் நாசிலும் ஒழுங்காக இருந்தால், சாலையோர மெக்கானிக்கே மற்றதைப் பார்த்துக்கொள்வார். 2020 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள பி.எஸ். 6 எஞ்சின்களில் சென்சார்களும் புகைக்கரி வடிகட்டியும் உண்டு. நகருக்குள் குறுகிய தூரமே ஓடினால் அவ்வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதற்காகப் பழையதே பொன் என்று சொல்லமாட்டோம். அப்படிச் சொல்வோர் அதன் கரும்புகைக்குப் பின்னால் ஒரு நாள் ஸ்கூட்டரில் சென்று பார்க்கட்டும். தில்லித் தலைநகர் வட்டாரத்தில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தடை விதித்தது. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டி ஆண்டுதோறும் எஃப்.சி. பெற்றாக வேண்டும். ஆகவே ஆண்டையும் பார்க்கத்தான் வேண்டும். அதோடு நிறுத்திக்கொள்வதுதான் தவறு.

வாங்குவோர் விடியற்காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் சென்று முதல் ஸ்டார்ட்டைப் பார்ப்பது நல்லது. நாம் போகுமுன்பே எஞ்சின் சூடாக இருந்தால், விற்பவர் எதையோ மறைக்கிறார் என ஐயுறலாம். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வருகிறதா? பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கக்கூடும். புகைபோக்கியில் நீலப்புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. மூடியின் உட்புறம் பால்போல் படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். நம்பகமான மெக்கானிக்கைக் கொண்டு கம்ப்ரஷன் சோதனையும் செய்துவிட்டால் விலை பேசுவது எளிது.

மதிப்பீட்டாளர் அறிக்கையுடன் இத்தகைய மெக்கானிக் குறிப்பு ஒன்றையும் வங்கிகள் கேட்டுப் பெறவேண்டும் என்பது நம் கருத்து. கடன் பெறுவோரும் தவணையோடு ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்புக் கணக்கில் சேர்த்துவரலாம். வண்டி ஓடாத மாதத்தில் மெக்கானிக்குக் கொடுக்கவும் தவணை கட்டவும் அதுவே கைகொடுக்கும். விண்ணப்பத்துடன் வருவோர் அந்த ஆயில் நோட்டையும் கொண்டுவாருங்கள். இம்முறை திறந்து பார்க்கிறோம்.