வயலில் உழைக்கும் கண்களுக்கும் மருந்து லென்ஸ் வேண்டும்

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்,
புது தில்லி.

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

கண் மருந்துகளை நோயாளிகளின் கையில் கொடுத்து, விடும் முறையைச் சொல்லி அனுப்பிவைத்த ஓய்வுபெற்ற மருந்தாளுநர் நான். மருந்தைச் சுமந்து சென்று கண்ணில் மெல்ல மெல்ல வெளியிடும் மென் கான்டாக்ட் லென்ஸ் குறித்து, குறிப்பாகக் கருவிழிப் புண்ணால் பார்வை இழக்கும் உழவர்களுக்காக, நம் நாட்டிலேயே முறையான ஆய்வைத் தொடங்கி நிதி ஒதுக்க வேண்டும் என்று கேட்டே இந்த மடலை எழுதுகிறேன்.

கதிர் அறுக்கும்போது நெல் தாள் கண்ணில் குத்துகிறது. கரும்புத் தோகை கீறுகிறது. பால் கறக்கும்போது மாட்டின் வால் முகத்தில் அடிக்கிறது. கீறல் சிறியதுதான். ஆனால் அதன் வழியே ஃபுசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் கருவிழிக்குள் புகுந்துவிடுகின்றன. தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் விட்டுப் பார்த்துச் சில நாட்களைக் கழித்த பிறகே பலர் மருத்துவமனைக்கு வருகிறார்கள். மதுரையில் கருவிழிப் புண் நோயாளிகளிடம் செய்து 1997இல் வெளியான ஆய்வு, நம் பகுதியில் பாக்டீரியாவுக்கு நிகராகப் பூஞ்சையும் இந்நோய்க்குக் காரணம் என்று காட்டியது. புண் ஆறினாலும் கண்ணில் பூ விழுந்துவிடுகிறது. முற்றினால் கண்ணே போய்விடுகிறது.

பூஞ்சையால் வரும் புண்ணுக்கு நம்மிடம் உள்ள முதன்மையான மருந்து நாட்டமைசின். 368 நோயாளிகளைக் கொண்டு தமிழகத்திலும் புதுச்சேரியிலும் நடந்து 2013இல் வெளியான பெரிய மருத்துவச் சோதனை, வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைவிட நாட்டமைசினே மேல் என்று உறுதி செய்தது. அந்தச் சோதனையில் மருந்து கொடுத்த முறையைத் தாங்கள் அறிவீர்கள்: முதல் வாரம் முழுக்க, விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு சொட்டு, அதன்பின் மூன்று வாரம் முடியும்வரை இரண்டு மணிக்கொரு சொட்டு. மருத்துவமனைக் கட்டிலில் செவிலியர் விடும்போது இது முடியும். வீட்டுக்குப் போன கூலித் தொழிலாளிக்கு யார் மணிக்கொரு தரம் விடுவது? பார்வை மங்கிய கண்ணில் தானே விட்டுக்கொள்ள முயன்றால் பாதிச் சொட்டு கன்னத்தில் வழிகிறது. குப்பியின் முனை இமையில் பட்டு மாசடைகிறது.

சரியாக விட்டாலும் சொட்டு மருந்துக்கென்று ஓர் எல்லை இருக்கிறது. ஒரு சொட்டு ஏறத்தாழ 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணின் மேல் இயல்பாக இருக்கும் கண்ணீரோ ஏழு மைக்ரோலிட்டர் அளவுதான். மிஞ்சியது வெளியே வழிகிறது. கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்குகிறது. நான்கைந்து நிமிடத்தில் இமைத்தலும் கண்ணீரும் எஞ்சியதையும் கழுவிவிடுகின்றன. ஒரு சொட்டில் உள்ள மருந்தில் கண்ணுக்குள் சேர்வது ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. மணிக்கொரு முறை விடச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

மென் லென்ஸ் இந்தக் கணக்கை மாற்றக்கூடியது. லென்ஸின் பின்புறத்துக்கும் கருவிழிக்கும் நடுவே மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று சிக்கியிருக்கும். லென்ஸிலிருந்து கசியும் மருந்து அந்தப் படலத்தில் அரை மணி நேரம்கூடத் தங்கும். இமைத்தலால் அதை அவ்வளவு விரைவில் கழுவிவிட முடியாது.

இது புதிய யோசனை அல்ல. செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டெர்லே, டிராஹோஸ்லாவ் லிம் இருவரும் நீரை உறிஞ்சும் ஹைட்ரோஜெல் பற்றி 1960இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். 1961ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில், பிள்ளைகளின் மெர்க்கூர் விளையாட்டுப் பாகங்களைக் கொண்டு வீட்டிலேயே ஒரு பொறியைக் கட்டி விக்டெர்லே மென் லென்ஸ்களை வார்த்தார். நீரை உறிஞ்சும் பொருள் மருந்தையும் உறிஞ்சும் என்பதால், 1965லேயே செட்லாசெக் என்ற செக் மருத்துவர் ஜெல் லென்ஸ் வழியாகக் கண் மருந்து கொடுக்கும் வழியைப் பற்றி எழுதிவிட்டார். 1970களின் தொடக்கத்தில் பைலோகார்பைனில் ஊறிய லென்ஸ்களைக் கண் நீர் அழுத்த நோயாளிகளிடம் சோதித்தார்கள்.

அப்புறம் ஏன் இத்தனை காலம் ஆயிற்று? ஊறவைத்த லென்ஸ் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. போட்ட சில மணி நேரத்திலேயே பெரும்பகுதியைக் கொட்டிவிடுகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கடையில் கிடைக்கும் லென்ஸ்களை நாட்டமைசினில் ஊறவைத்துப் பார்த்தபோதும் இதுவே நடந்தது. இந்தத் தடையைத் தாண்ட மூன்று வழிகள் பிறந்திருக்கின்றன. வைட்டமின் ஈ-யை லென்ஸுக்குள் தடுப்பாகப் பரப்பி மருந்தின் ஓட்டத்தை மெதுவாக்கினார் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் அனுஜ் சௌஹான். மருந்தின் மூலக்கூறுக்கு ஏற்ற குழிகளைப் பாலிமரிலேயே பதிய வைப்பது இரண்டாவது வழி. பாஸ்டன் நகரில் டேனியல் கோஹேனும் ஜோசப் சியோலினோவும் லென்ஸின் நடுப்பகுதியைத் தெளிவாக விட்டுவிட்டு, விளிம்பைச் சுற்றி மருந்துப் படலத்தைப் பொதிந்தார்கள். கண் அழுத்த மருந்தான லாட்டனோப்ரோஸ்டை ஏற்றிய அவர்களின் லென்ஸ், கண் நீர் அழுத்த நோய் உள்ள குரங்குகளிடம் சொட்டு மருந்துக்குக் குறையாமல் வேலை செய்தது என்று 2016இல் வெளியான ஆய்வு கூறுகிறது. பூஞ்சை மருந்தான எக்கோனசோலையும் இப்படி லென்ஸில் ஏற்றி ஆய்வகத்தில் காண்டிடா பூஞ்சையை அழித்துக் காட்டினார்கள்.

சந்தைக்கு வந்தது வேறொன்று. கீட்டோடிஃபென் என்ற ஒவ்வாமை மருந்தை 19 மைக்ரோகிராம் ஏற்றிய, ஒரு நாள் போட்டுவிட்டு எறியும் அக்யூவ்யூ தெராவிஷன் லென்ஸுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022 மார்ச்சில் ஒப்புதல் அளித்தது. ஒவ்வாமை அரிப்பை 12 மணி நேரம் வரை அது தடுக்கிறது. லென்ஸ் வழியாக மருந்து கொடுக்க முடியும், அதற்கு ஒப்புதலும் பெற முடியும் என்பதை அது உலகுக்குக் காட்டியது. அந்த வகையில் அது பெரிய சாதனை. ஆனால் அது ஏற்கெனவே பார்வைக்காக லென்ஸ் போடுபவர்களின் அரிப்புக்கானது. கருவிழியில் பூஞ்சை படர்ந்த உழவருக்காக எந்தப் பன்னாட்டு நிறுவனமும் தானாக முன்வராது. அவர் பணக்கார நாடுகளின் நோயாளி அல்ல. அவருக்கான ஆய்வை நாம்தான் செய்ய வேண்டும்.

இதில் உள்ள ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிருமி தொற்றிய கண்ணில் லென்ஸ் வைக்க மருத்துவர்கள் தயங்குவது நியாயம். லென்ஸ் ஆக்சிஜனைக் குறைக்கலாம். தூய்மை தவறினால் லென்ஸே அகந்தமீபா போன்ற நுண்ணுயிர்த் தொற்றைக் கொண்டுவரலாம். அதே வேளையில், கருவிழிக் காயத்தின் மேல் கட்டுப்போலக் காக்கும் லென்ஸை மருத்துவர்கள் இன்றும் வைக்கிறார்கள். எனவே முடிவைச் சொல்ல வேண்டியது சோதனைதான்: ஆய்வகம், விலங்கு, பிறகு மருத்துவமனைக் கண்காணிப்பில் சில நோயாளிகள் என்று படிப்படியாக நடக்கும் சோதனை. அதன் முடிவு வராத நிலையில், கடை லென்ஸைக் குப்பி மருந்தில் ஊறவைத்துப் போட யாரும் துணியக் கூடாது. பல சொட்டு மருந்துகளில் பதனப் பொருளாகச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு மென் லென்ஸில் சேர்ந்து கருவிழியையே பாதிக்கக்கூடும்.

இந்த ஆய்வின் பயன் புண்ணோடு நிற்காது. 40 வயதைக் கடந்த இந்தியர்களில் ஒரு கோடியே 12 லட்சம் பேருக்குக் கண் நீர் அழுத்த நோய் இருக்கலாம் என்பது 2010இல் வெளியான மதிப்பீடு. வாழ்நாள் முழுக்கச் சொட்டு விட வேண்டிய இவர்களில் பலர், வலி இல்லாததால் இடையிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

தங்களிடம் நான் கேட்பவை நான்கு.

1. நாட்டமைசின் முதலிய பூஞ்சை மருந்துகளையும் கண் அழுத்த மருந்துகளையும் மெல்ல வெளியிடும் லென்ஸ்களுக்கெனத் தனி ஆய்வுத் திட்டத்தை அறிவியுங்கள். பாலிமர் அறிஞர்களும் கருவிழி மருத்துவர்களும் ஒரே குழுவில் இருக்கட்டும்.

2. சோதனையில் லென்ஸை மருத்துவமனையில் சொட்டு விடும் முறையோடு மட்டுமன்றி, வீட்டில் சொட்டு விடும் நடைமுறையோடும் ஒப்பிட வேண்டும். மூன்று மாதம் கழித்து மிஞ்சும் பார்வையே அளவுகோலாகட்டும்.

3. மருந்தும் கருவியும் சேர்ந்த இத்தகைய பொருளுக்கு எந்த விதிப்படி, எந்தச் சான்றுகளோடு அனுமதி கோர வேண்டும் என்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலருடன் கலந்து முன்கூட்டியே தெளிவாக்குங்கள்.

4. பொதுப் பணத்தில் பிறக்கும் லென்ஸின் விலை, அரசு மருத்துவமனைகள் வாங்கித் தரும் அளவில் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

இவை நடக்காதவை அல்ல. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ்களை 1992 முதல் மதுரையில் ஆரோலேப் நிறுவனம் செய்யத் தொடங்கிய பிறகே, இறக்குமதி விலையில் எட்டாதிருந்த அந்த லென்ஸ் எளியவர்களுக்கும் எட்டியது. மருந்து பூசிய இதய ஸ்டென்டின் விலைக்கு 2017 பிப்ரவரியில் அரசு 29,600 ரூபாய் என வரம்பு வைத்தது. மருந்தும் கருவியும் சேர்ந்த பொருளை எளியவர் எட்டும் விலைக்குக் கொண்டுவர நம் அரசால் முடியும் என்பதற்கு அதுவே சான்று.

கருவிழிப் புண் அறுவடைக்குப் போனவருக்கு வரும் நோய். அவருக்கு ஆய்வகமும் இல்லை, பரிந்து பேச நிறுவனமும் இல்லை. தங்கள் கழகம்தான் இருக்கிறது. வரும் நிதியாண்டிலேயே இந்தத் திட்டத்தை அறிவிக்குமாறு தங்களைப் பணிவோடும் உறுதியோடும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓர் ஓய்வுபெற்ற மருந்தாளுநர்