விளைப்பவன் கானாவில், விலை வைப்பவன் லண்டனில்!

மேற்கு ஆப்பிரிக்காவில் கானா என்றொரு தேசம். "ஏழை நாடு, சோம்பேறி ஜனங்கள், வெள்ளைக்காரன் போனதும் கெட்டுக் குட்டிச்சுவராயிற்று" என்று பேசுகிற பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். தோழர்களே, இந்தப் பேச்சைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்!

முதலில் பூமியைப் பாருங்கள். தெற்கே கினி வளைகுடா. மேற்கே ஐவரி கோஸ்ட், கிழக்கே டோகோ, வடக்கே புர்கினா பாசோ. கடலோரம் சமவெளி, அதையடுத்து அடர்ந்த காடு, வடக்கே போகப் போக மழை குறைந்த புல்வெளி. பாய்ந்தோடுகிறது வோல்ட்டா நதி. மண்ணுக்கடியில் தங்கம், பாக்சைட், மாங்கனீஸ். 2021 கணக்குப்படி ஜனத்தொகை 3 கோடியே 8 லட்சம். அகான், எவே, கா, தகோம்பா எனப் பல இனத்தார்.

இதுவா ஏழை பூமி? 1482இல் போர்ச்சுகீசியன் எல்மினாவில் கோட்டை கட்டியது ஏழைகளுக்கு இரங்கியா? பொன்னைத் தேடி வந்தான். பின்னால் வந்த ஐரோப்பிய வியாபாரிகள் மனிதனையே விலைபேசிக் கப்பலேற்றினார்கள். பிரிட்டிஷ்காரன் தேசத்தையே 'தங்கக் கரை' என்ற பெயரில் ஆண்டான்!

சோம்பேறிகளா? 1870களில் டெட்டே குவார்ஷி என்ற கருமான் பெர்னாண்டோ போ தீவிலிருந்து கோக்கோ விதை கொண்டுவந்து நட்டார். துரைமார் தோட்டங்களால் அல்ல, குடியானவர்கள் காடு திருத்திப் பாடுபட்டதால், 1911க்குள் கோக்கோவில் அந்த நாடு உலகத்திலேயே முதலிடத்துக்கு வந்தது. நிலமில்லாதவர்கள் 'அபுசா' என்ற வாரத்துக்கு உழைத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு உழைத்தவனுக்கு, மிச்சம் தோட்டக்காரனுக்கு.

விலை வைத்தது யார்? 1937இல் யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனி முன்னின்று, காட்பரி உள்படப் பல ஐரோப்பியக் கம்பெனிகள் ரகசியமாய்க் கைகோத்தன. ஒருவருக்கொருவர் போட்டியாக விலை ஏற்றிக் கேட்பதில்லை, ஆளுக்கு இவ்வளவு பங்கு என்று உடன்படிக்கை! விவசாயிகள் பணிந்தார்களா? "விற்கமாட்டோம்" என்றார்கள். 1938 ஏப்ரல் வரை கோக்கோ மூட்டைகள் கம்பெனிக் கிடங்குக்குப் போகவில்லை. சீமைச் சரக்கையும் பகிஷ்கரித்தார்கள். லண்டன் சர்க்கார் நோவெல் கமிஷனை அனுப்பியது. கம்பெனிகள் உடன்படிக்கையை நிறுத்தி வைத்தன. அது கூடாதென்று கமிஷனும் சொல்ல நேர்ந்தது!

சுரண்டல் அத்தோடு ஓய்ந்ததா? வேஷம் மாறியது. 1947இல் கோக்கோ விற்பனை போர்டு வந்தது. விவசாயிக்குக் குறைத்துக் கொடுத்துச் சேர்த்த பணம் லண்டனில் பிரிட்டிஷ் கடன் பத்திரங்களில் போய் முடங்கியது.

1957 மார்ச் 6இல் சுதந்திரம். குவாமே நிக்ரூமாவின் ஆட்சியில் வோல்ட்டாவை மறித்து அகோசோம்போ அணை எழுந்தது, 1965இல் முடிந்தது. சுமார் 80,000 பேர் வீடு வாசலைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுப் பெயர்ந்தார்கள். மின்சாரத்தில் பெரும்பங்கு யாருக்கு? டெமாவில் அமெரிக்கக் கெய்சர் கம்பெனி நடத்திய அலுமினிய ஆலைக்கு, அடிமாட்டு விலையில்! கானாவின் பாக்சைட் மண்ணில் கிடக்க, ஆலைக்கு வேண்டிய அலுமினா வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்திறங்கியது. 1966 பிப்ரவரியில் நிக்ரூமாவை ராணுவம் கவிழ்த்தது. கெய்சரின் பங்கு கானா சர்க்கார் கைக்கு வந்ததோ 2004இல்தான்.

அதெல்லாம் பழங்கதையா? 2024 ஏப்ரலில் உலகச் சந்தையில் கோக்கோ விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. அதே மாதம் கானா விவசாயிக்கு அறிவித்த விலை 33,120 செடி. சுமார் 2,500 டாலர்! மிச்சம் எங்கே? வெளிநாட்டு பாங்கிகளிடம் கடன் வாங்கி, விளையுமுன்னே கோக்கோவைப் பழைய விலைக்குப் பேசி விற்றாயிற்று. கதிர் முற்றுமுன்னே நெல்லை அடகு வைத்த குடியானவன் கதைதான்!

கானா ஏழை நாடல்ல, ஏழையாக்கப்பட்ட நாடு. கோக்கோவில் பெரும்பகுதி இன்றும் கொட்டையாகவே கப்பலேறுகிறது. உலர்த்தி மூட்டை கட்டுகிறவன் ஒருவன். அரைத்துச் சாக்லேட்டாக்கி லாபம் அள்ளுகிறவன் வேறொருவன். இது தலைவிதியல்ல, மனிதன் செய்த ஏற்பாடு. மனிதனால் மாற்ற முடிந்த ஏற்பாடு. 1937இல் மூட்டையை விற்க மறுத்த விவசாயிகள் அதைக் காட்டினார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்கிறவர்கள் அந்தக் கணக்கைப் படித்துவிட்டுப் பேசட்டும்!